மருதாயி குடித்த பிளேன்டீ

மாலையும் மலர்ச்செண்டுமாய் நடுவில் வீற்றிருக்கும் அன்பொளி நல்வாழ்வுக் குழுவின் தலைவர் திரு. ஆறுமுகசாமி அவர்களே, தலைவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் தகைசால் உறுப்பினர்களே, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, இந்தச் சேரம்பாடி மழைக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, ஆறு நாள் கூடை சுமந்த முதுகை ஏழாம் நாளும் சாய்க்க முடியாமல் இங்கே நிற்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

குழுவின் முதலாண்டு விழாவில் 'தொண்டின் தூய்மை' பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவன் நான். நாளும் நேரமும் சொல்லித்தான் எனக்குப் பேச வரும்.

சென்ற ஆண்டு இந்தக் குழு நல்ல காரியம் ஒன்று செய்தது. லயத்து அறைகளில் தாமாக எழ முடியாமல் கிடக்கும் ஐந்து பேரைக் கணக்கெடுத்தது. வீட்டார் கொழுந்தெடுக்கப் போனபின் அவர்களைக் கவனிக்க மருதாயி அம்மாளை நியமித்தது. துடைப்பது, புரட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது. ஆளுக்கு அரை மணி நேரம். இலங்கையில் தோட்ட ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் இதே வேலை பார்த்தவர் அவர். வெந்நீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகே அடுத்தவர் உடம்பில் ஊற்றுகிறவர். பாராட்டுக்குரிய நியமனம். பாராட்டு இத்துடன் முடிந்தது.

அந்த ஐவரில் ஒருவர் பழனியாண்டி. அறுபத்திரண்டு வயது. பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை. முதல் நாள் மருதாயி துணியை நனைத்துக்கொண்டு அருகில் போனதும் அவர் சொன்னாராம்: "இந்தா, நில்லு. எங்க காம்பராவுல ஒரு பிளேன்டீ குடி. அப்பறமா என் மேல கைய வையி."

"வேல முடியட்டும்ங்க, குடிக்கிறேன்."

"முடிஞ்சு எதுக்கு? அடுப்பு எரியாத ஊட்டுலதான் வாயில தண்ணிகூட வைக்காமக் குளிப்பாட்டுவாங்க. அது பொணத்துக்கு. எங்க அடுப்பு எரியுதா இல்லியா, பாரு."

மகள் பொன்னாயி வேலைக்குப் போகுமுன் அடுப்பு ஓரத்தில் பால் விடாத தேயிலைச் சாயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மருதாயி உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிக் குடித்தார். பழனியாண்டி கையைக் கொடுத்தார். மற்ற நான்கு காம்பராவிலும் இதே வழக்கம்தான். நீங்கள் யாரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டீர்கள். கேட்கிறவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

குழுவின் விதிகளில் ஏழாவது விதி: பயனாளியிடம் உணவோ பானமோ பொருளோ பெறக்கூடாது. ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. குழுவின் மேற்பார்வையாளர் சில்வஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு பழனியாண்டியின் காம்பராவுக்குள் நுழைகிறார். எதைக் கண்டார்? அழுக்குத் துணியையா? ஆறாத புண்ணையா? பத்து மாதமாகப் படுத்திருந்த அந்த முதுகில் ஒரு கீறல்கூட இல்லையே, அதைக் கண்டாரா? இல்லை. மருதாயியின் கையில் கிளாசைக் கண்டார். கண்டதும் கடமை பொங்கியது.

மறுநாள் விசாரணை. மூன்று நாற்காலி, ஒரு குற்றவாளி.

"எத்தனை முறை குடித்தாய்?" என்று கேட்டார்கள்.

மருதாயி யோசித்துச் சொன்னார்: "வாரத்துல ஆறு நாளுங்க. அஞ்சு காம்பராவுலயும். ஞாயித்துக்கெழம லீவுங்க."

சிரிக்கிறீர்கள். விசாரணையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆயிரம் முறைக்கு மேல் முறைகேடு என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார்கள். இனிக் குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வைத்தால் வேலை உண்டு.

"கைநாட்டு வச்சுட்டு நாளைக்கு அவுங்கள எப்படிங்க தொடுறது?" என்று கேட்டார் மருதாயி. மூன்று நாற்காலியும் சேர்ந்து உத்தரவில் கையெழுத்திட்டன. வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஊழலை ஒழித்த உத்தமர்களே, உங்களை என்னவென்று வாழ்த்துவது? மலை மலையாய் மரம் போகும் இந்த மாவட்டத்தில், மடக்கிப் பிடித்தது ஒரு மடக்குச் சாயத்தையா?

என்ன தம்பி சில்வஸ்டர்? விதி விதிதான் என்கிறீர்களா? நல்லது. இன்று மூன்று மணியிலிருந்து இந்த மேடைக்கு இரண்டு முறை தேநீர் வந்தது. பால் விட்டது. பீங்கான் கோப்பையில். கூடவே பிஸ்கட். போட்டுக் கொடுத்தது யார்? ஏழாம் லயத்துப் பெண்கள். அவர்கள் உங்கள் பயனாளிகள் அல்லவா? ஏழாவது விதி மருதாயியின் தொண்டைக்கு மட்டும் எழுதியதா? நானும் குடித்தேன். தலைவர் அவர்கள் இரண்டு கோப்பை குடித்தார்கள். முறைகேடு என்று எழுதிக்கொள்ள மேற்பார்வையாளர் பேனா திறந்ததை நான் பார்க்கவில்லை.

மருதாயிக்குப் பதிலாகச் சான்றிதழ் உள்ள ஒருவரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். கையுறை போட்டுக்கொண்டு மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் பழனியாண்டி, "டீ குடிங்க" என்றார். மூன்று நாளும் அவர், "ரூல் இல்லைங்க" என்றார். பழனியாண்டி இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்காம் நாள் அவர் பஸ் ஏறிவிட்டார். மற்ற நால்வருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழனியாண்டிக்குப் பொன்னாயி ஒருத்திதான்.

நேற்று மாலை நான் போய்ப் பார்த்தேன். பொன்னாயி அழவில்லை. "என்னால தனியாப் பொரட்ட முடியலைங்க. அப்பா என்னைய இடுப்புத் துணியத் தொட விடமாட்டேங்கிறாரு. பெத்த பொம்பளப் புள்ள கையி வேணாங்கிறாரு" என்றாள். முதுகைக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கிறது. குதிகாலில் இன்னொன்று. காய்ச்சல் இருக்கிறது. மருதாயி போய் இன்று ஒன்பதாம் நாள். ஒன்பதே நாளில் உங்கள் ஏழாவது விதி ஓர் உயிரைத் தின்னத் தொடங்கியிருக்கிறது.

தலைவர் ஏதோ சொல்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "ஏனுங்க, அடுத்த மாசம் குழுக் கூட்டத்துல வெச்சுப் பேசிக்கலாமுங்க."

அடுத்த மாதம். அதுவரை அந்தப் புண் ஒத்திவைக்கப்படுமா? தீர்மானம் நிறைவேறும்வரை சீழ் பிடிக்காமல் நிற்குமா? கூட்டம் கூட்டி, குறிப்பெழுதி, கையெழுத்திட்டு முடிப்பதற்குள் அவரைக் குழிக்கு எடுக்க நேர்ந்தால், அதற்கு முன் குளிப்பாட்ட யாரை நியமிப்பீர்கள்? அப்போது வருகிறவர் எதுவும் குடிக்க மாட்டார். உங்கள் விதி அங்கே வெகு அழகாக நிறைவேறும்.

பொறுங்கள், தாய்மார்களே, முன்னால் வர வேண்டாம். தலைவர் எழுந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சரிங்க. எழுத்தெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தம்மா நாளைக்கே வேலைக்கு வரட்டுமுங்க."

நன்றி, தலைவர் அவர்களே. ஞாயிறு, ஜூலை இருபத்தொன்று, மாலை ஐந்து பத்து. நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

ஆனால் நாளைக்கு என்றால் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. மருதாயி அம்மா, கடைசி வரிசையில் கொங்காணிப் போர்வைக்குள் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்திருங்கள். இனிமேல் இங்கே எனக்குப் பொன்னாடை, அவருக்குப் பொன்னாடை. நீங்கள் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. பொன்னாயி, நீயும் கூடப் போ. இரண்டு பேருமாகப் புரட்டிப் படுக்க வையுங்கள்.

கொஞ்சம் வழி விடுங்கள், ஐயா. அந்தக் குடையை மடக்குங்கள். அவர்கள் போகட்டும்.

இவ்வளவு நேரம் மழையில் நின்று கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வணக்கம்.