தாய் விட்ட சாபமும் லூவிய மந்திரமும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பண்பாளர் பத்ரிநாராயணன் ஐயா அவர்களே, அகவையில் முதிர்ந்து அன்பில் கனிந்த சான்றோர்களே, அழுதழுது கண்ணீர் வற்றிய தாய்மார்களே, பிளேஸ்டோவிலும் தோர்ண்டன் ஹீத்திலும் இருந்து பஸ் ஏறி, ரயில் மாறி, புலம்பெயர்ந்த இந்த மண்ணில் கிங்ஸ்பரி மண்டபத்தை நிறைத்த உறவுகளே, கனத்த நெஞ்சோடு உங்களைக் கைகூப்புகிறேன்.

இது சிவனேஸ்வரி அம்மையாரின் நினைவுக் கூட்டம். ஆனால் என் பேச்சு களிமண்ணில் தொடங்குகிறது.

முன்வரிசையில் இருக்கும் அவர் மகள் மாலினி பழைய மொழிகளை ஆய்பவர். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன், இன்று துருக்கி என்கிறோமே அந்த மண்ணில், லூவிய மொழி பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். என்ன அண்ணை, பின்னால கேட்கிறியள்? ஓம், லூவியம்! இன்று அதைப் பேச ஒரு வாயில்லை. ஆனால் அவர்களின் மந்திரங்கள் களிமண் பலகைகளில் துண்டுதுண்டாய்க் கிடைத்திருக்கின்றன. செல்வம் சேர்க்கும் மந்திரமா? சேனை வெல்லும் மந்திரமா? இல்லை! துன்புறும் மனிதர்மேல் ஒட்டிய சாபத்தைக் கழிக்கும் மந்திரம்!

அம்மையார் ஆஸ்பத்திரியில் இறுதியாய்க் கிடந்தபோது, மாலினி கட்டிலருகே அப்படி ஒரு பலகையின் பிரதியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை வாசிக்கிறாய்?"

"சாபம் கழிக்கிற மந்திரம் அம்மா. தகப்பன் விட்டது, தாய் விட்டது, செத்தவை விட்டது, எல்லாம் போகட்டும் எண்டு வருது."

அம்மையார் எழும்ப முயன்றார். "தாய் விட்டதும் போகுமோ?"

பிறகுதான் உடைந்தார். எங்கள் ஊர்ப் போரின் கடைசி நாட்களில் பங்கர்க் குழிக்குள் மகன் நிசாந்தனோடு சண்டை. "போ, இனி என்ர முகத்தில முழிக்காதை எண்டு திட்டினன். போனவன்தான். ஆமியிட்டச் சரணடைஞ்சதைக் கண்டவை இருக்கினம். பிறகு காணேல்லை. என்ர வாய்தான் அவனைத் திண்டது."

இத்தனை ஆண்டுகளில் மகளுக்கே தெரியாத சேதி அது!

மாலினி என்ன சொல்வார்? பலகை அந்த வரியோடு உடைந்திருந்தது. போகும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அதுக்குப் பிறகு உடைஞ்சு போச்சம்மா. சாபம் போச்சோ தெரியாது. ஆனால் அண்ணையைக் கொண்டுபோனது உங்கட வாயில்லை. கொண்டுபோனவைக்குப் பேரிருக்கு, பதவியிருக்கு."

"இருக்கிற மட்டும் சொல்லித்தா."

சொல்லிக் கொடுத்தார். செத்த மொழியைச் சாகப்போகும் நாவு திருப்பிச் சொன்னது. உடைந்த இடம் வந்ததும் இருவரும் நிறுத்தினார்கள். மறுநாள் பேச்சு நின்றது; பின்னர் மூச்சும் நின்றது. மகளின் சொல்லைத் தாய் நம்பினாரா? மாலினிக்கு இன்றும் தெரியாது.

அவையோரே! கொண்டுபோனவன் உறங்குகிறான், கோபத்தில் ஒரு சொல் சொன்னவள் உறங்கவில்லை! பறித்தவன் நிமிர்ந்து நடக்கிறான்; பெற்றவள் குனிந்து நடக்கிறாள்! இது எந்த ஊர் நியாயம்? எந்த உலகத்து நீதி?

தாய்மாரே, நான் மறித்திருந்தால், நான் திட்டாதிருந்தால் என்று உங்களுக்குள் எத்தனைபேர் எரிகிறீர்கள்? அழாதையுங்கோ அம்மா, கேளுங்கோ. அந்தப் பழி உங்களுடையதன்று! இறக்கி வையுங்கள்! கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று, வாங்கிய கையைக் கேளுங்கள்! விடை வரும்வரை கேளுங்கள்! நாங்கள் சோர்ந்தால் எங்கள் பிள்ளைகள் கேட்கட்டும்!

துயரத்தைப் பொதுவில் சொல்ல இசைந்த மாலினிக்கும், கலங்கியபடி கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. பிள்ளையைத் தேடும் ஒவ்வொரு தாயின் காலடிக்கும் என் வணக்கம்.