போத்தல் எடுக்கப் போனவர்

— இதென்ன, மெற்றி, வைன் தண்ணியாக் கிடக்கு?

— வடிவா மணந்து பாருங்கோ.

— மணந்தும் பாத்திட்டன், குடிச்சும் பாத்திட்டன். கானாவூரில இயேசுவால தண்ணி வைனானது. வெள்ளவத்தையில வைன் தண்ணியாப் போச்சு.

— ஐயோ, அது புளோறன்ஸ் மச்சாள் தலவிலக் கோயிலால கொண்டு வந்த தீர்த்தம். நத்தார்ப் பெருநாளுக்குக் குடிச்ச போத்தலைக் கழுவி அதுக்குள்ள விட்டு வச்சவ. ரெண்டும் அலுமாரிக்கு மேல பக்கத்தில பக்கத்தில நிண்டது. மாறி எடுத்திட்டன்.

— என்ர தம்பி பாரிசிலயிருந்து வைன் அனுப்ப, என்ர அக்கா அந்தப் போத்தலில தீர்த்தம் விடுறா. நல்ல குடும்பம்.

— சிரிக்காதீங்கோ. சாப்பாடு வைக்கிற மஷூர் நானா பாக்கிறார்.

— பாக்கட்டும். நானா, இண்டைக்கு எங்கட கலியாண நாள். ஒரு கிளாஸ் வைன் விக்கமாட்டீங்களோ?

— எங்க, சேர். லைசன் இல்ல. ஈந்தாலும் ஸாலிஹ் முதலாளி விக்கமாட்டார். பாரிஸ்ல ஒம்பது வருஷம் ஹோட்டல் குசினில நிண்ட மனிசன், வைன் ஊத்த வேண்டிய கோழிக்கும் தோடம்பழப் புளிதான் ஊத்துறார். வாற ஆளுகள் கொண்டு வந்தா பேசாம ஈப்பார். அதுவும் நீங்களேதான் தொறக்கணும். நான் தொடமாட்டேன்.

— அப்ப நான் ஓடிப்போய் மற்றப் போத்தலை எடுத்துக்கொண்டு வாறன். ரெண்டு லேன் தள்ளித்தானே வீடு.

— வேண்டாமப்பா. இருக்கிற தண்ணியைக் குடிச்சுச் சாப்பிடுவம்.

— இல்லை, மெற்றி. உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும். வெறும் வாயால கதைக்கேலாது.

— பாரிஸ் விசயம்தானே. தம்பியின்ர கடிதம் வந்ததில இருந்து உங்களுக்கு வேற கதை இல்லை. பாஸ்போட்டை ஏஜென்ற்றிட்டக் குடுத்துப்போட்டு வந்து, பிறகுதான் எனக்குச் சொன்னனீங்கள்.

— குடுத்தனான்தான். போறன் எண்டு இன்னும் சொல்லேல்லையே.

— போகேல்லை எண்டும் சொல்லேல்லை.

— வந்து சொல்லுறன்.

— அடையாள அட்டை?

— உம்மட பையுக்குள்ளதானே. கிடக்கட்டும்.

— எடுத்துக்கொண்டு போங்கோ. நாலு நாளா ஆமி அட்டையில்லாத ஆக்களைப் பிடிக்கிறாங்கள்.

— பிடிக்கிறது கோல் றோட்டில. இந்த ஒழுங்கைக்குள்ள ஆர் வரப்போறான். நானா, டீச்சற்ற சூப்பை இப்ப வைக்காதையுங்கோ, ஆறிப்போகும். நான் வந்திடுவன்.

*

— இந்த வருஷமும் ஒரு தட்டுத்தானே, டீச்சர்?

— ஓம், நானா. அவர் போத்தல் எடுக்கப் போய் இண்டையோட ஐஞ்சு வருஷம். ஒரு தட்டுத்தான்.

— நீங்க ஒண்டும் கொண்டு வாறதும் இல்ல. மத்த ஆளுகள் எல்லாம் போத்தலோட வருவாங்க.

— எனக்குத் தண்ணி காணும். வீட்டில நான் நிண்டுகொண்டே சாப்பிட்டுப் பழகிட்டன், நானா. மேசையில இருந்து சாப்பிடுறது வருஷத்தில இந்த ஒரு நாள்தான். எங்க, இண்டைக்கு வேற ஒருத்தரையும் காணேல்லை?

— கடைய இந்த மாசக் கடைசியோட மூடுற. முதலாளி மௌத்தாகி நாப்பது நாள் ஆகிட்டு.

— ஐயோ. எனக்குத் தெரியாது. நல்ல மனுசன். அண்டைக்கு ஆமி வந்த நேரம் என்னைக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போய், அடுப்புக்குப் பக்கத்தில ஒரு ஸ்டூல் போட்டு இருத்தினவர். அவற்ற மகளுக்குச் சொல்லுங்கோ, நான் பூசைக்குக் குடுப்பன் எண்டு. அவவுக்கு அது பிழையாத் தெரியாதெண்டா.

— ஏன் பிழையாத் தெரியப்போகுது. சாப்பாடு வைக்கட்டா?

— கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கடதாசியில கையெழுத்துப் போடுறதோ விடுறதோ எண்டு காலைமையில இருந்து யோசிக்கிறன். நாளைக்கு மச்சாள் வந்து கேப்பா.

— என்ன கடதாசி, டீச்சர்?

— காணாமல் போனவை எண்டு நான் எழுதிக் குடுத்த இடங்களில இருந்து அவற்ற பேரை எடுக்கச் சொல்லி. பேர் அங்க கிடக்கிறதால வீட்டுக்கு ஆக்கள் வந்து விசாரிக்கினமாம். மச்சாளின்ர மகன் இப்ப வளந்திட்டான். அவ பயப்படுறா. அது நியாயம்தான். ஆனா சும்மா எடுக்கேலாது. அவர் தன்ர விருப்பத்தில வெளிநாடு போனவர் எண்டு நான் எழுதிக் குடுக்க வேணும்.

— சேர் பாரிசுக்குப் போனவரா?

— மச்சாள் அப்பிடித்தான் சொல்லுறா. பாஸ்போட் ஏஜென்ற்றிட்ட, ஏஜென்ற்றையும் பிறகு காணேல்லை. அடையாள அட்டையை வேணுமெண்டுதான் விட்டிட்டுப் போனவன், வெளிநாட்டுக்கு அது என்னத்துக்கு எண்டு கேக்கிறா. அங்க வேற ஆரோடயோ இருக்கிறாராம்.

— தம்பிக்காரர் என்ன சொல்றார்?

— வந்து சேரேல்லை எண்டுதான் கிளறன்ஸ் எழுதுறார். தமையனுக்காகப் பொய் எழுதுறான் எண்டு மச்சாள் சொல்லுறா.

— நீங்க நம்புறீங்களா, டீச்சர்?

— சில நாள் நம்புறனான். நம்பினாக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் எனக்கு நித்திரை வருது. பேனை ஒண்டு தாறீங்களோ?

— கையெழுத்துப் போடாதீங்க.

— ஏன், நானா?

— சேர் திரும்பி வந்தார்.

— எங்க வந்தவர்?

— இஞ்சதான். இந்தக் கதவுக்கு.

— எப்ப?

— அண்டைக்கே. ஆமி ட்ரக் லேன் வாசல்ல நிண்டதும் முதலாளி ஒங்களக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னை ஷட்டர இழுத்துவிடச் சென்னார். இழுத்துவிட்டு மூச்சு விடல்ல, தட்டுற சத்தம். கீழ நீக்கலால பாத்தா சேர்ட கால், சேர்ட செருப்பு. கையில கடதாசி சுத்தின போத்தல்.

— நீங்கள் திறக்கேல்லை.

— பூட்டுல கை வச்சேன், டீச்சர். அல்லாஹ் அறிய வச்சேன். சேர்தான் சென்னார், மெதுவா, கதவோட வாய வச்சி. ‘திறக்காதையுங்கோ நானா, பின்னால வாறாங்கள். அவ உள்ளுக்கே இருக்கட்டும்’ எண்டு.

— அவர் சொன்னவரோ?

— அவர்தான். சென்னதும் ரெண்டு ஆமிக்காரங்க வந்துட்டாங்க. நான் உள்பக்கம் நிண்டு எல்லாத்தையும் கேட்டேன். உள்ளுக்கு ஆரு எண்டு கேட்டாங்க. ‘கடே வஹலா’ எண்டார், கடை பூட்டியாம். அட்டை கேட்டாங்க. இல்ல. பேர் கேட்டாங்க. கிளெமென்ற் எண்டார். வீடு எங்க எண்டாங்க. கொட்டாஞ்சேனை எண்டார்.

— அவர் பிறந்த வீடு அங்கதான். இஞ்ச இருக்கிற வீட்டைச் சொல்லேல்லை.

— சொல்லல்ல. பொஞ்சாதி புள்ள எங்க எண்டு கேட்டாங்க. கலியாணம் முடிக்கல்ல, தனிய ஆள் எண்டார்.

— எங்கட கலியாண நாளில.

— ஒங்களத் தேடி வந்துடுவாங்க எண்டுதான், டீச்சர். வேற என்னத்துக்கு.

— பிறகு நான் குசினிக்குள்ளயிருந்து வந்து உங்களைக் கேட்டனான், அவர் வந்தவரோ எண்டு. அடுத்த நாளும் வந்து கேட்டனான். பிறகு ஒவ்வொரு வருஷமும் நீங்கள் எனக்குச் சூப் கொண்டு வந்து வச்சனீங்கள்.

— முதலாளி குர்ஆன்ல சத்தியம் வாங்கினார். கடை வாசல்ல புடிச்ச எண்டு தெரிஞ்சா எங்களையும் கொண்டு போவாங்க எண்டு பயம். எனக்கும் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். மாளிகாவத்தைல நாலு பொம்புளப் புள்ளைகள் ஈக்கி எனக்கு. முதலாளி உசிரோட ஈக்கிற வரைக்கும் வாய் தொறக்க ஏலாமப் போச்சு. நீங்க வாற நாள்ல அவர் குசினிய விட்டு வெளிய வந்ததே இல்ல. கண்டீங்களா?

— கண்டனான். வேலை கூடவாக்கும் எண்டு நினைச்சனான்.

— திட்டுங்க, டீச்சர்.

— திட்டி எனக்குப் பழக்கமில்லை. அவர் ஓடிப்போகேல்லை எண்டு சொல்லுறீங்கள். அதைத்தானே சொல்லுறீங்கள்?

— ஓடிப்போகல்ல. போத்தலோட வந்தார்.

— சரி.

— நான் இனி எங்கயும் வந்து சொல்றேன். எந்த ஆபீசுக்கும், எந்த ஸ்டேஷனுக்கும். நீங்க இவ்வளவு நாளும் வெள்ளவத்தை எண்டு, கலியாணம் முடிச்ச ஆள் எண்டுதானே தேடின? இனி மாத்திக் கேப்போம். கிளெமென்ற், கொட்டாஞ்சேனை, கலியாணம் முடிக்காதவர். அப்பிடிக் கேட்டா எங்கயாவது ஒரு புத்தகத்துல பேர் ஈக்கும்.

— இருந்தது.

— என்ன, டீச்சர்?

— அவர் போன ஒன்பதாம் நாள். மச்சாள் பாரிஸ் கதையைத் தொடங்கினதுக்கு அடுத்த நாள். ஒரு ஸ்டேஷனில வயசான பொலிஸ்காரர் ஒருத்தர், இரக்கமான மனுசன், புத்தகத்தை எடுத்து விரல் வச்சு வாசிச்சவர். கிளெமென்ற், கொட்டாஞ்சேனை, கலியாணமாகாதவர். எனக்கு விளங்கேல்லையாக்கும் எண்டு இன்னொருக்காலும் வாசிச்சவர். உங்கட ஆளோ, சொந்தக்காரர் எண்டாத்தான் உள்ளுக்கு விட்டுக் காட்டுவம் எண்டவர்.

— நீங்க என்ன சென்னீங்க?

— எனக்குப் பின்னால கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்தி மகனைத் தேடி நிண்டவ. கலியாணமாகாதவர் எண்டபடியா, இவர் என்ர ஆள் இல்லை எண்டு சொல்லி, அவவுக்கு இடத்தை விட்டிட்டு வந்தனான்.