வெர்னன் பேர்ல ஒரு புள்ளி

சும்மா எடுத்துக்கோங்க தம்பி. பன்னித்தொட ஹாம் மட்டும் மூணு கெடக்கு, ஃப்ரிட்ஜ் கதவ சாத்த முடியல. ஊரே கொண்டாந்து குவிச்சிருச்சு, எவ்ளோதான் திங்கிறது?

ஆமா, விசில் வாத்தேதான். செக்கச்செவேல்னு மூக்கு, கருப்பு வயிறு. டெக்சஸ் பக்கம் கெடக்க வேண்டியது, கென்டக்கில எங்க குட்டைக்கு வந்து குடும்பம் நடத்துது. அதான பறவைக் கணக்கு எழுதுற நீங்களும் மூணு மணி நேரம் வண்டிய ஓட்டிட்டு வந்திருக்கீங்க.

பெட்டியெல்லாம் எங்க வீட்டுக்காரரு வெர்னன் வச்சது. மர வாத்து முட்ட போடட்டும்னு பதினாலு பெட்டி, கம்பத்து மேல. அவரு எங்கயா? சொல்றேன், மொதல்ல வாத்துக் கத முடியட்டும்.

மே மாசம் ஒம்பதாம் நம்பர் பெட்டில ரெண்டு வாத்து மாறி மாறிப் போய் உக்காருது. இவரு போய் வேட்டை கிளப்புல சொன்னாரு. அங்க டேல் ஹாப்குட்னு ஒரு ஆளு, வாத்துன்னா அவருகிட்டதான் கேக்கணும்னு நெனப்பு. பெட்டிய வந்து பாக்கக்கூட இல்ல. ரெண்டும் பொட்ட மர வாத்துதான், எந்த ஆம்பள வாத்துய்யா அடை காக்கும்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

இந்த வாத்துல ஆம்பளயும் அடை காக்கும் தம்பி. இவருக்குத் தெரியும். வீட்ல ஒரு முட்ட பொரிச்சதில்ல, அந்த வாத்துக்கு மட்டும் அப்டி ஒரு வக்காலத்து. ஆனா முகம் தொங்கிப் போச்சு, எனக்கே பாவமா இருந்துச்சு.

குஞ்சு குதிக்கறத பாத்து எழுதி அனுப்புறேன், உங்க பறவை மேப்புல எங்க குட்டைக்கு ஒரு புள்ளி வைக்க வைக்கிறேன்னு நாற்காலியக் கரையில போட்டுட்டாரு. காலையில அவரு. எட்டு மணிக்கு மேல நான், அவரு சாப்ட்டு வரட்டும்னு. இருபது நாளு.

பதினோரு குஞ்சு. மஞ்சளும் கருப்புமா, ஒண்ணொண்ணா தண்ணில தொப்புன்னு விழுந்துச்சு. தாயும் தகப்பனும் கீழ நின்னு விசிலடிச்சுக் கூப்புட்டுச்சு. எழுதுங்க, ஜூன் பதினொண்ணு, மத்தியானம் ரெண்டே கால். பாத்தவர் பேரு வெர்னன் ஆஷ்லாக்.

பாத்தது நான்தான். வாசல்ல சேறு அப்பிக் கெடக்குல்ல, அந்தக் கருப்பு செருப்போட உக்காந்து பாத்தேன். அவர அடக்கம் பண்ணிட்டு நேரா அங்கதான் போனேன், நாற்காலி காலியா கெடக்கேன்னு.

கண்ணால பாத்தவங்க பேருதான் போடணுமா? அவரு எந்திரிச்சுப் போனாரு, நான் உக்காந்தேன். அந்த வாத்துங்களும் அப்டித்தான தம்பி செஞ்சுது. அவரு பேரையே போடுங்க.