முனிரத்தினத்தை வைத்துப் பூட்டிய பெட்டி

வெள்ளிக்கிழமை. மதியச் சோறு வரும் நேரம். முதலில் குண்டு வரும் விசில் சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு இடி. சிறையின் கம்பிக் கதவு கீலோடு பெயர்ந்து விழுகிறது. காவலர்கள் சாவிக் கொத்தோடு லாரி ஏறி ஓடிவிட்டார்கள். கைதிகள் எல்லோரும் வாசலுக்கு ஓடுகிறார்கள். நான் முற்றத்துக்கு ஓடுகிறேன். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று அங்கே வெயிலில் கிடக்கிறது. உள்ளே முனிரத்தினம்.

நான் திருத்தணிக்காரன். வெளிநாட்டு வேலைக்குப் போய்க் காணாமல் போனவர்களைத் தேடி விசாரிப்பவன். பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகை செல்வி, புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னாள். போனேன். போர் நடக்கும் அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே சிறையில் இருக்கிறார்கள். தொழிலாளர் கொட்டகையைப் படம் எடுத்தேன். உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள். நான் தேடிப் போன முனிரத்தினம் அதே அறையில் உட்கார்ந்திருந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

படுக்க இடமில்லை. முறைபோட்டுத் தூங்கினோம். மலம் அள்ளும் வாளியிலேயே குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நாங்கள் குடிப்பதை நின்று பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப் போவதில்லை.

முனிரத்தினத்துக்குத் தோள்வரை முடி. மகளுக்கு உடம்பு தேறினால் மலைமேல் மொட்டை போடுவதாக வேண்டுதல். சிறையில் எல்லோருக்கும் மழித்தார்கள். அவன் தலையைக் கொடுக்கவில்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், மறுபடி வளரும் என்று கெஞ்சினேன்.

"இது நம்ம சாமிக்குச் சேர வேண்டியதுணா. இவனுங்க கை பட்டா பொண்ணுக்கு ஆவாது."

அடித்து மழித்தார்கள். மழித்ததை அவன் வாயிலேயே திணித்தார்கள். பிறகு பெட்டியில் போட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இரண்டு பேர். பகலில் அந்த இரும்பைத் தொட முடியாது.

பூட்டைக் கல்லால் அடிக்கிறேன். உள்ளிருந்து தட்டுகிறான்.

"அண்ணா, சீக்கிரம்ணா! காத்து இல்ல!"

"ஒடச்சிகினு இருக்கேன்டா! கதவ வுட்டுத் தள்ளிப் போ!"

மறுபடி விசில். ஓடி வந்த ஒருவன் என்னைக் குப்புறத் தள்ளி மேலே விழுகிறான். எழுந்தபோது பெட்டி மடங்கிக் கிடந்தது. தட்டும் சத்தம் இல்லை. காது போனதால் கேட்கவில்லையோ என்று இரும்பில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை வெந்தது. அசைவே இல்லை.

ஊர் திரும்பிப் பத்திரிகைக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியானது. அப்படியொரு பெட்டியே இருந்ததில்லை என்று அந்த நாடு மறுத்தது. கைதிகள் மூவர் தப்பி ஓடிவிட்டதாகவும் சொன்னது.

செல்வி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ பாடி வராதாணா?"

வராது என்றேன்.

என் இடது காது போனது. பெட்டியில் செத்தவர்கள் மூன்று பேர். ஒருவன் முனிரத்தினம், முப்பத்தொரு வயது. மற்ற இருவரின் பெயர் தெரியாது. வீட்டில் யாராவது தேடுவார்கள். வந்து சேர்ந்த உடல் ஒன்றுமில்லை. அந்த நாட்டின் கணக்கில் செத்தவர் யாருமே இல்லை. மூவரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், பிடித்து உள்ளே போட.