அன்னம் சுட அனுமதி

— சும்மா இரு மார்த்தி அண்ணே, அன்னத்தை எண்ணிக்கிட்டிருக்கேன். நடுவுல விட்டுப்போச்சுன்னா மறுபடியும் அந்த ஓரத்துலேருந்து ஆரம்பிக்கணும்.

— எண்ணு, எண்ணு. என் மாட்டுக்குன்னு வளர்த்த புல்லை மேய்ஞ்சு கொழுத்து நிக்குதுங்க. அதுக்கு ஒரு கணக்கு, கணக்கெடுக்க ஒரு தங்கச்சி.

— முந்நூறு தாண்டிருச்சு. அப்பா காலத்துல...

— ஆரம்பிச்சுட்டியா. "பின்லாந்து பூரா பதினஞ்சு ஜோடிதான் மிஞ்சிச்சு." கல்யாண விருந்துலகூட இதைத்தான் பேசினே.

— பதினஞ்சுதானே இருந்துச்சு. சுட்டே தீர்த்துட்டாங்க. இப்பப் பத்தாயிரம் ஜோடிக்கு மேல.

— அதுல பாதி என் நிலத்துலதான் குடித்தனம். அதோ, கழுத்தை நீட்டிக்கிட்டு மத்ததையெல்லாம் விரட்டுதே, அதுக்கு மாமியார்னு பேரு.

— பேரு வேற வச்சிருக்கியாக்கும்.

— திட்டணும்னா பேரு வேணாமா? காபி ஆறுது, குடி. உன் அண்ணி ஏலக்காய் பன்னு குடுத்துவிட்டிருக்கா.

— வேணாம்.

— பன்னு வேணாமா? உடம்புக்கு என்ன?

— உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேத்து வேட்டை ஆபீசுக்குப் போயிருந்தேன். இந்த வளைகுடாவுல அன்னம் சுட ஒருத்தருக்கு அனுமதி குடுத்திருக்காங்க. யாருன்னு பார்த்தேன்.

— ம்.

— என்ன ம்? முப்பது வருஷமா ஈரத்துல நின்னு எண்ணினேன், இந்த இனம் பொழைச்சிருச்சுன்னு சொல்றதுக்காக. அந்தக் கணக்கையே காட்டி, "இவ்வளவு இருக்கே, நாலைஞ்சைச் சுட்டா என்ன"ன்னு எழுதிக் குடுத்திருக்கே. கூடப்பிறந்தவன்.

— நல்லாத்தானே எழுதியிருந்தேன். உன் அண்ணிதான் எழுத்துப்பிழை பார்த்தா.

— விளையாடாதே அண்ணே. ராத்திரி பூரா தூக்கமில்லே. இனிமே நான் எண்ண வரமாட்டேன். எண்ணிக்கை ஏறினா துப்பாக்கிதான் வரும்னா, எதுக்கு எண்ணணும்?

— பக்கத்துப் பண்ணை தொர்ஸ்தி ரெண்டு துப்பாக்கியைத் துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கான், பார்த்தியா?

— அவன் மனு போட்டிருந்தா எனக்கு ஆச்சரியமே இல்லே. நீ போட்டதுதான் தாங்கலே.

— அவனும் போட்டான். எனக்கு ரெண்டு நாள் கழிச்சு. தள்ளிட்டாங்க.

— அவனை எதுக்குத் தள்ளணும்? உன்னைவிட அவனுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

— இந்த வளைகுடாவுக்கு வருஷத்துக்கு ஒரே அனுமதிதான், தெர்ஹி. அது என் சட்டைப்பையில இருக்கு. என்கிட்ட இருந்த ஒரே துப்பாக்கி அப்பாவோடது, அதைப் போன மாசமே வித்துட்டேன்.