நாலாம் கேபினில் முட்டி நின்ற வரிசை

பொழுது அடைகிற நேரம்... எட்டயபுரம் சாலையில் ஒரு பஸ்ஸும் இல்லை. கரிசல் காட்டுக் காற்று மட்டும். 2004இல் அந்தச் சாலையின் கடைசிக் கடை சண்முகராஜின் பிரவுசிங் சென்டர். எனக்குச் சித்தப்பா முறை. ஆளுக்குக் கோபம் மூக்கு நுனியில்.

மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட். ஊரே வந்து நிற்கும். நெட்டோ செத்துக் கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வேறு ஒருத்தன் புதுசாக சென்டர் திறந்துவிட்டான். நாளைக்கும் நெட் இல்லையென்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஃபயர்வால். எந்தக் கேபினுக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு வைப்பது அதுதான். கறுப்புத் திரையில் ஒரே வரி ஏறிக்கொண்டே இருந்தது: 'பஃபரில் இடமில்லை'. வெளியே போக வேண்டியது போகாமல் வரிசையில் முட்டி நிற்கிறதாம்.

"கார்டை மாத்தியாச்சு, வயரை மாத்தியாச்சு... எவம்லே அடைச்சிக்கிட்டு நிக்கான்?" மேசையில் ஒரு குத்து விட்டார் சண்முகராஜ்.

"நாலாம் கேபின் வரிசை மட்டும் ரொம்பி வழியுது, அண்ணாச்சி," என்றான் மெக்கானிக் கிபாயத்துல்லா. "அதுக்கு மட்டும் ஏன் நூல் மாதிரி வேகம் வச்சிருக்கீங்க?"

சண்முகராஜ் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். அங்கே தினமும் உட்கார்ந்தவர் வெயிலுமுத்து, சண்முகராஜுக்குத் தாய்மாமன். மஸ்கட்டில் இருக்கும் மகள் முத்துசெல்வியோடு நெட்டில் கடை அதிரப் பேசுவார். மாமனை எழுந்து போகச் சொல்ல முடியுமா? மருமகன் கமுக்கமாக வேகத்தை இறுக்கிவிட்டார். "ஏட்டி, கேக்குதா... கேக்குதா?" என்று கத்திக் கத்தி, பாதிப் பேச்சோடு எழுந்து போவார் மனுஷன். போன மாதம் செத்தும் போனார். அதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட ஆளில்லை.

"ஆளில்லாத சீட்டுல எவன்லே பேசுதான்?" சண்முகராஜ் போய்க் கேபிளைப் பிடுங்கினார்.

திரையில் வரி நிற்கவில்லை... மிளகாய் வத்தல் நெடி. வெயிலுமுத்து மாமா மூட்டை தைத்த வத்தல் கமிஷன் கடை நெடி.

"அழிச்சித் தொலைலே அந்த வேக அளவை!"

கிபாயத்துல்லா அழித்தான். டிக்... டிக்டிக்... வயரெல்லாம் சேரும் ஹப்பில் பச்சை விளக்கெல்லாம் ஒருசேரத் துடித்தன. திரை ஓய்ந்தது. நெட் வந்துவிட்டது.

கூடவே போன் அடித்தது. முத்துசெல்வி. நல்ல ஆத்திரம்.

"அத்தான், எவன் விளையாடுதான்? அப்பா செத்து ஒரு மாசம் ஆச்சே! கம்ப்யூட்டர்ல அவிய குரலு... விட்டுப்போன பேச்சையெல்லாம் மூச்சு விடாம பேசுதாவ..."

பிறகு குரல் இறங்கியது.

"பக்கத்துல யாருப்பான்னு கேட்டேன். 'உன் அத்தான்தான். வயரப் பிடுங்கிக் கையில வச்சிக்கிட்டு நிக்கான். உக்காரச் சொல்லு, இன்னும் நெறைய இருக்கு'ங்காவ..."