அந்த ஒரு சில்லு

— நேத்து வந்த நம்ம ஆராய்ச்சிப் பேப்பர்ல என் பேரு எங்க சார்?

— கடைசிப் பக்கம் பாரும்மா பாண்டீஸ்வரி. நன்றின்னு போட்டு உன் பேரும் இருக்கு.

— லேப் கதவைத் தொறந்துவிட்ட மலையாண்டி அண்ணனுக்குக் கீழயா? கார்பன் குழாயை ஆசிட்டுல போட்டு நெடுக்கக் கிழிச்சு நாடா எடுத்தது நான் சார். தலைமுடியைப் பத்தாயிரமா வகுந்தா அதுல ஒண்ணுதான் நாடாவோட அகலம். நாலு வருசம்!

— யாரு இல்லைன்னா? பாரும்மா, ரோகிணிக்கு ஜெர்மனியில சீட்டு. அவ பேருல பேப்பர் இருந்தாத்தான் எடுப்பான்.

— உங்க மக இந்த லேப்புக்கு வந்ததே உங்க பொறந்தநாளுக்குக் கேக்கு வெட்டத்தான்.

— வாயை அடக்கு. நானும் மேலூர்ல இருந்து பஸ்ல தொங்கிட்டு வந்து படிச்சவன்தான். என் கைடு வீட்டுக்குக் காய்கறி சுமந்தவன்.

— அதை என் தலையில எறக்குறீங்க.

— இந்த லெட்டர்ல கையெழுத்துப் போடு. செஞ்சது, அளந்தது எல்லாம் ரோகிணி, உனக்குப் பங்கில்லைன்னு. நாளைக்கு நீ புகார் கீகார்னு போயிறக் கூடாதுல்ல. போட்டாத்தான் உன் தீசிஸ் என் மேசையை விட்டு நகரும்.

— எம்மக பேரு வெளிநாட்டுப் புத்தகத்துல வருதுன்னு எங்கப்பா உசிலம்பட்டி சந்தை பூரா சொல்லிட்டாரு சார்.

— அடுத்த வருசம் வரும்னு சொல்லு.

— கையெழுத்துக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்.

— முதல்ல போடு. அப்புறம் பேசு.

— இந்தாங்க. தேதியும் போட்டிருக்கேன்.

— நல்ல புள்ள. நாடாவுல கரண்டு பாஞ்ச அந்த ஒரே சில்லை, அதான் அந்தச் சிப்பை, எடுத்து வை. நாளைக்கு டெல்லிக் குழு வருது. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கணுமாம்.

— அலமாரியில மூணாவது டப்பா. போன வாரம் உங்க ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேனே, ஞாபகம் இருக்கா சார்?

— பேரு கேட்டு வந்திருப்ப. அதான் உள்ள விடல.

— பேப்பரை நிறுத்தச் சொல்ல வந்தேன். நாடாவோட ரெண்டு முனையையும் ஒட்டுற வெள்ளிப் பசை வெயிலுக்கு இறுகிப் போச்சுன்னு தின்னர் கலந்தேன். ரெண்டு முனைப் பசையும் நாடாவுக்கு அடியில கசிஞ்சு ஒண்ணாச் சேந்துருச்சு. கரண்டு பாயுறது பசையில சார், நாடாவுல இல்ல. என் தப்புன்னு ஒத்துக்கத்தான் அன்னைக்கு அம்புட்டு நேரம் நின்னேன். இப்ப எழுதி வாங்கிட்டீங்க, அந்தத் தப்பும் ரோகிணியோடதுன்னு.